மூன்றாம் பந்திக்கு ஒரு வார்த்தை

பசிக்கு இங்கிலீஷில் எத்தனை பெயர் என்பதை லண்டன்காரர்களே மறந்திருக்கலாம். வில்லியனூர் பக்கம் இருக்கும் எங்கள் சோப்புக் கம்பெனியின் ஸ்டோர் கீப்பர் மறந்ததே இல்லை. அட்டை கிழிந்த தடிமனான அகராதி ஒன்றைத் தினமும் சோற்று டப்பாவோடு தூக்கி வருவதால் அவர் பெயர் டிக்சனரி. ஆள் அந்த அகராதியைவிட ஒல்லி.

கேன்டீனில் மூன்று பந்தி. பெர்மனென்ட் ஆட்களான எங்களுக்கு முதல் பந்தி, காண்ட்ராக்ட் ஆண்களுக்கு இரண்டாவது, காண்ட்ராக்ட் பெண்களுக்குக் கடைசி. அவர்கள் வரும்போது சாம்பார் தீர்ந்திருக்கும். அண்டாவில் வெந்நீரை ஊற்றிச் சமையல்காரர்கள் ஒப்பேற்றுவார்கள். நாங்கள் ஏப்பம் விட்டபடி பார்த்துக்கொண்டிருப்போம், நானும்தான்.

ஒருநாள் மெனு போர்டில் சாப்பாட்டுக்குப் பதில் டிக்சனரியின் கையெழுத்து.

“முதல் பந்தி: பெக்கிஷ். குருவி கொத்துகிற அளவு பசி. இரண்டாம் பந்தி: கிளெம். வயிற்றைக் கவ்விப் பிடிப்பது. மூன்றாம் பந்தி: ஸ்டார்வ். அந்தக் காலத்தில் இதற்குச் சாவது என்றுதான் அர்த்தம்.”

மேனேஜர் ஓடி வந்தார். “இன்னா சார் இது? இங்க யாரு செத்தாங்க?”

“இன்னும் யாரும் சாவல. அதான் முன்னாடியே எழுதிட்டேன்.”

மேனேஜர் அழித்தார், இவர் எழுதினார். சாக்பீஸைப் பூட்டி வைத்தார்கள். காண்ட்ராக்டில் வேலை செய்யும் மடுகரை ஊர் அஞ்சலை தன் வீட்டிலிருந்து கோலமாவு கொண்டுவந்து குழைத்துக் கொடுத்தார். டிக்சனரிக்கு மெமோ வந்தது. அதிலிருந்த எழுத்துப்பிழைகளைச் சிவப்பு மையில் திருத்தி, கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பினார்.

“வேலைய விட்டுத் தூக்கிடுவேன்!”

“தூக்குங்க சார். வயிறு கூடவேதான் வரும்.”

அப்புறம் முதல் பந்தி டோக்கனைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, மூன்றாம் பந்தி வரிசையின் கடைசியில் போய் நின்றுவிட்டார். நாலு நாள் வெந்நீர் சாம்பார். ஐந்தாம் நாள் கிறுகிறுத்துப் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

அஞ்சலை கத்தினார். “உனுக்கு இன்னா சார் தலையெழுத்து? போய் மொதல்ல துன்னுட்டு வா!”

“நீ துன்னு. அப்பால நானு.”

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மறுநாள் அவர் பின்னால் போய் நின்றேன். என் பின்னால் பெர்மனென்ட் ஆட்கள் அத்தனை பேரும் வந்தார்கள். எல்லாரும் கடைசியில் சாப்பிட்டதால் மதியம் வெகுநேரம் மிஷின் ஓட்ட ஆளில்லை. அதற்கடுத்த நாளே அடுப்பில் இரண்டாவது அண்டா ஏறியது.

டிக்சனரி போன மாதம் ரிட்டயர் ஆனார். மறுநாள் போர்டில் கோலமாவால் கோணல்மாணலாக ஒரு வரி இருந்தது: “சாப்ட்டியா சார்?”

மேனேஜர் துணியோடு வந்தார். அதை அவர் கையிலிருந்து நான் வாங்கி வைத்துக்கொண்டேன். சார் வந்து பதில் சொல்லும்வரை அந்த வரி அங்கேதான் இருக்கும்.