மயிலுக்குக் கட்டு மாற்றப் பாடிய விவரம்

போர்டிக்சன் சாலைத் தோட்டம்,
14.8.1983

மதிப்பிற்குரிய மச்சான் ஆறுமுகம் அவர்களுக்கு,

தங்கள் தங்கை புருஷன், லாரி டிரைவர் சன்னாசி வணங்கி எழுதுவது. சிரம்பானில் தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் சுகமாயிருக்க அம்மன் துணை. இங்கு எல்லோரும் நலம் என்று எழுதத்தான் கை போகிறது. ஆனால் நம் மகள் மயிலம்மாளின் இடது கால் மட்டும் நலமில்லை. பதறாதீர்கள், இப்போது ஆறிவருகிறது.

மூன்று வாரத்துக்கு முன் கொதிக்கிற தேநீர் அவள் காலில் கொட்டிவிட்டது. தோட்டத்து மருந்தகத்தில் மருந்து கட்டுகிற டிரசர் ராமகிருஷ்ணன் ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்ற வேண்டும் என்றார். ஒட்டிய துணியைப் பிரித்தபோது ஒன்பது வயதுப் பிள்ளை போட்ட சத்தத்தில், ரப்பர் பால் நிறுக்கிற இடத்திலிருந்த ஆட்கள் வாளியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். நாலு பேர் பிடித்தும் டிரசரின் கண்ணாடியை உதைத்து உடைத்துவிட்டாள். "இப்படியே போனா புண்ணு சீழ் பிடிச்சிரும் சன்னாசி, அப்புறம் பெரிய ஆஸ்பத்திரிதான்" என்றார். பிறகு அவரே, "வெளிநாட்டுல பிள்ளைங்களுக்கு ஊசி போடுறப்ப, கட்டு மாத்துறப்ப பாட்டு வைக்கிறாங்களாம், படிச்சேன். நாமளும் பாப்பமே" என்றார். காதில் விழுகிற பாட்டு எந்த வழியாகக் காலுக்கு இறங்கும்? லாரி ஓட்டும்போதெல்லாம் இதே யோசனை. சோதித்துப் பார்க்க, ஒரு கொசுவைக் கடிக்கவிட்டு நான் பாடினேன். அரித்தது, ஆனால் கொஞ்சம் தாமதித்து அரித்த மாதிரி இருந்தது.

முதல் தடவை ரேடியோ கொண்டுபோனோம். துணியைப் பிரிக்கிற நேரம் பார்த்துப் பாட்டு முடிந்து மரண அறிவிப்பு வந்தது. "அப்பா, நான் செத்துருவேனா?" என்று மயிலு வீரிட்டாள். அடுத்த தடவை உறுமி மேளம் அடிக்கிற முனியாண்டியைக் கூட்டிவந்தேன். அவன் நாலு அடி அடித்ததும், இருமல் மருந்துக்கு வந்த கங்காணி சம்சாரத்துக்கு அருள் வந்து, "எலுமிச்சம்பழம் எங்கடா?" என்று டிரசரின் சட்டையைப் பிடித்துவிட்டது. அவர் பயத்தில் மாத்திரை டப்பாவை நீட்டினார். ஆனால் மச்சான், ஒன்றைக் கவனித்தேன். அந்தம்மா ஆடிய வரைக்கும் மயிலு வாயைத் திறக்கவில்லை. பாதிக் கட்டு பிரிந்ததே அவளுக்குத் தெரியவில்லை!

மூன்றாம் தடவை டிரசர், "அவளையே கேளு லா, என்ன பாட்டு வேணும்னு" என்றார். "அப்பா பாடட்டும்" என்றாள். எனக்கு ஒரு பாட்டும் முழுசாகத் தெரியாது. லாரி போகிற வழியையே பாட்டாக்கி, செண்டாயானில் ஏறி, சிரம்பானில் இறங்கி, மாமன் வீட்டில் சாப்பிட்டு என்று இழுத்தேன். "வேகம் வேணாம், அவ மூச்சு விடுற அளவுக்குப் பாடு" என்றார் டிரசர். மெதுவாகப் பாடினேன். மயிலு என் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டாள். துணி வந்துவிட்டது, சத்தமே இல்லை. வாசலில் காத்திருந்தவர்கள், "மாமன் வீட்டுல என்ன கறி?" என்று அடுத்த அடி கேட்டார்கள். அதன்பிறகு நாலு தடவை இப்படித்தான். புண் காய்ந்து இளந்தோல் வந்துவிட்டது; நாளைக்குக் கடைசிக் கட்டு.

ஆகவே என் தொண்டையில் ஏதோ மருந்து இருக்கிறது என்று முடிவுகட்டிவிட்டேன். பல் பிடுங்கவேண்டிய தங்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம், ஞாயிற்றுக்கிழமை நான் வந்து பாடுவதாகச் சொல்லிவைக்கவும். பெரியவர்களுக்கு வணக்கமும் சின்னப்பிள்ளைகளுக்கு ஆசியும்.

இப்படிக்கு,
சன்னாசி

பி.கு.: உறையில் முகவரி எழுதச் சொல்லி மயிலிடம் கொடுத்தேன். கடிதம் முழுவதையும் படித்துவிட்டாள். "பாட்டால வலி ஒண்ணும் கொறையலப்பா. பாடுறப்ப நீங்க புண்ணப் பாக்காம கண்ணை இறுக்கி மூடிக்கிட்டீங்க. நான் கத்துனா நீங்க மயங்கி விழுந்துருவீங்கன்னுதான் பல்லைக் கடிச்சிக்கிட்டு இருந்தேன்" என்கிறாள். பக்கத்து வீட்டில் ஒன்றும் சொல்லவேண்டாம், மச்சான். "அப்போ நாளைக்குப் பாட வேணாமா?" என்று கேட்டேன். "பாடுங்கப்பா, இல்லாட்டி நீங்க பயப்படுவீங்க" என்றாள்.