மாமாவின் காரும் மஞ்சள் விளக்கும்

காரைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது என்பதை ஒத்துக்கொள்ள எனக்கு ஒரு மணல் குவியல் தேவைப்பட்டது.

என் மனைவியின் அப்பா கொழும்பில் இருக்கும் மூத்த மகளைப் பார்க்கப் போகும்போது தன் பழைய காரை என்னிடம் விட்டுப் போனார். "மாப்பிள்ளை, ஒரு மாசம் ஒழுங்கா பாத்துக்கங்க. அப்புறம் உங்களுக்கே எழுதித் தந்துடுறேன்" என்றார். அம்பிட்டியவிலிருந்து பேராதனைக்குத் தினமும் இரண்டு பஸ் மாறி, நசுங்கி வேலைக்குப் போகிறவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

மூன்றாவது வாரம் ஸ்டியரிங்குக்குப் பின்னால் மஞ்சளாக எஞ்சின் விளக்கு எரிந்தது. பிரேக்கும் மிதித்தால் பஞ்சு மாதிரி உள்ளே போனது. கராஜுக்குப் போயிருக்கலாம்தான். ஆனால் கராஜ் வைத்திருப்பவர், ஊரே 'நானா' என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணன், மாமாவின் பலவருடக் கூட்டாளி. நான் வீடு திரும்புமுன் செய்தி கொழும்புக்குப் போய்விடும். ஆகவே யூடியூப் பார்த்தேன். (எஞ்சினியராக ஒன்பது நிமிடம் போதும்.) பெட்ரோல் மூடி லூசானாலும் விளக்கு எரியுமாம். மூடியை இறுக்கினேன். விளக்கு அணையவில்லை. பிரேக்கை இரண்டு மூன்று தடவை மிதித்தால் கார் நின்றது. பிரேக் நல்லாத்தான் இருக்கிறது, கொஞ்சம் சோம்பேறி என்று முடிவுகட்டினேன். விளக்கின் மேல் மனைவி சாந்தியின் ஒட்டுப்பொட்டு ஒன்றை ஒட்டினேன்.

"இதெல்லாம் தேவையா? நானாகிட்ட காட்டுங்களேன்" என்றாள் சாந்தி.

"கார் விஷயத்துல நீ தலையிடாத."

மாமா திரும்பிய அன்று கண்டி ஸ்டேஷனுக்குப் போய் ஏற்றிக்கொண்டேன். பொட்டைப் பார்த்ததும் மனிதர் உருகிவிட்டார்.

"வண்டிக்குப் பொட்டெல்லாம் வச்சு, லட்சுமி மாதிரி வச்சிருக்கீங்களே மாப்பிள்ளை!"

வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் பணிவாகச் சிரித்துவைத்தேன். அம்பிட்டிய ஏற்றமெல்லாம் கார் அருமையாக ஏறியது. எங்கள் வீட்டுக்கு இறங்கும் சரிவில் திரும்பியபோது, "கொஞ்சம் கோணலா இருக்கே" என்று மாமா எட்டிப் பொட்டை உரித்தார். உள்ளே மஞ்சள் விளக்கு பளிச்சென்றது.

"இது என்னா மாப்பிள்ளை?"

பதில் சொல்ல எங்கே நேரம்? பிரேக்கை மிதித்தேன், கால் தரையில் முட்டியது. பத்து தடவை மிதித்தும் பயனில்லை. "முருகா!" என்று இருவரும் ஒரே நேரத்தில் கத்தினோம். ஹேண்ட்பிரேக்கை இழுத்து ஸ்டியரிங்கை ஒடித்தேன். பக்கத்து வீட்டுக்காரர் கட்டட வேலைக்குக் கொட்டியிருந்த மணலில் கார் மூக்கைப் புதைத்து நின்றது. உரித்த பொட்டை விரலில் பிடித்தபடியே மாமா இறங்கி மணலில் உட்கார்ந்ததைப் பார்த்தபோதுதான் என்ன காரியம் செய்திருக்கிறேன் என்று எனக்கு உறைத்தது.

நானா வந்து காருக்கடியில் படுத்துப் பார்த்தார். "பிரேக் ஒயில் பின்வீல் பக்கமா ஒழுகி முடிஞ்சிருக்கு. லைட்டு வேற கேஸ், ஒரு சென்சர் போயிருக்கு. இத்தன நாளா என்ன செஞ்சீங்க தம்பி?"

"பொட்டு வச்சாரு" என்றாள் சாந்தி.

மாமா சொன்ன சொல் தவறவில்லை. காரை எழுதித் தந்தார், மகள் பெயருக்கு. இப்போது சாந்தி ஓட்டுகிறாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து போகிறேன். கல்யாண வீடுகளில் யாராவது "மருமகன் கார் ஓட்டமாட்டாரா?" என்று கேட்டால், மாமா என் தோளில் கைபோட்டுக்கொள்வார்.

"நல்லா ஓட்டுவாரு. மேட்டுல மட்டும்."