ஒற்றைக்காலில் இருநூறு பேர்

விதி இன்னும் வெளியே போகவே இல்லை. அதற்குள் எல்லோரும் அதைக் கடைப்பிடித்திருந்தார்கள்.

சூப்பிரண்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். சந்தேகமே இல்லை. வாடகை வீட்டுப் பிள்ளைகள் வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்கி இணைக்க வேண்டும் என்பது நேற்று மாலை அவர் மூளையில் உதித்த நான்காவது விதி. அது இன்னும் அவருடைய இழுப்பறையை விட்டு வெளியே வரவில்லை. ஆனால் காலையில் கல்லூரி டிரைவர் வாசலில் வைத்துவிட்டுப் போன விண்ணப்பக் கட்டுக்குள், வாடகை வீட்டுப் பிள்ளைகள் அத்தனை பேரும் கையெழுத்தோடு வந்திருந்தார்கள். ஒருவன் வீட்டுக்காரரின் மனைவியிடமும் சேர்த்து வாங்கியிருந்தான்.

கல்லூரியில் உதவித்தொகைப் பிரிவுக்குக் கண்காணிப்பாளர் அவர். பிரின்சிபால் முதல் வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் சூப்பிரண்டு. முப்பத்துநான்கு வருட சர்வீஸ். ஓய்வுக்கு இன்னும் நாலே மாதம். இந்த நேரம் பார்த்துத் தொற்று வந்தது, ஊரடங்கு வந்தது, அதன் பின்னாலேயே மேலிடத்திலிருந்து ஒரு தொகையும் வந்து சேர்ந்தது. தொற்றுக் காலச் செலவில் மாட்டிக்கொண்ட மாணவர்களுக்கு அவசர உதவியாக இதைக் கொடுக்கவும், மாதக் கடைசிக்குள் கொடுக்காவிட்டால் திருப்பி அனுப்பவும் என்று ஒரு பக்க உத்தரவு.

எத்தனை பேருக்கு என்று உத்தரவில் இல்லை. இருபது பேர் என்று முடிவு செய்தது சூப்பிரண்டுதான். இருபதுக்கு மேல் போனால் தனித் தணிக்கை வரும். பக்கத்துப் பிரிவில் இருந்தவருக்குப் பதினொரு நாற்காலி விவகாரத்தில் தணிக்கை வந்து, பென்ஷன் ஆறு வருடம் இழுத்தடித்தது. அந்த மனிதர் இப்போதும் நாற்காலியைக் கண்டால் உட்காருவதில்லை. இருபது பேர் என்றால் வம்பே இல்லை, ஒரே கோப்பு, ஒரே கையெழுத்து.

ஆனால் வந்தது இருநூற்றுப் பதினொரு விண்ணப்பங்கள்.

"இருக்கறத எல்லாருக்கும் பிரிச்சுக் குடுத்துட்டா என்னங்க?" என்று முதல் நாளே அவர் மனைவி கேட்டாள்.

"பிரிச்சுக் குடுக்கறதுக்கா என்னை சூப்பிரண்டா வச்சிருக்காங்க?" என்றார் அவர்.

ஆகவே விதி போட ஆரம்பித்தார். விதி போட்டால் பாதிப் பேர் தானாக உதிர்வார்கள் என்பது அவருடைய முப்பத்துநான்கு வருட அனுபவம்.

தொடக்கம் நன்றாகத்தான் இருந்தது. வீட்டிலிருந்து வேலை பார்க்கக் கல்லூரி ஒரு கம்ப்யூட்டரை அனுப்பி, உள்ளறையில் மேஜைமேல் வைத்து இணைப்பும் கொடுத்தது. அணைத்தால் இணைப்பு போய்விடும், எப்போதும் ஓடட்டும் என்று பொருத்தியவன் சொல்லிவிட்டுப் போனான். அதில் மாணவர்களுக்கு ஒரு விளக்கக் கூட்டம் நடத்தினார் சூப்பிரண்டு. எல்லோரும் மைக்கை அணைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டும், கூட்டம் முடிந்தது என்று தான் சொல்லும்வரை ஒருவரும் வெளியேறக் கூடாது, மீறினால் விண்ணப்பம் தள்ளுபடி என்று முதல் விதியை அங்கேயே போட்டார். ஒரு மணி நேரம் பேசினார். தொண்டை வறண்டதும் திரையின் மூலையில் இருந்த சின்னக் கோடு ஒன்றை அமுக்கினார். இருநூறு முகங்களும் சட்டென்று மறைந்தன. திரையை அணைத்தார். தன்னையே முறைத்துப் பார்ப்பதாகத் தோன்றிய கேமராவின் மேல் பிளாஸ்திரி ஒட்டினார். எல்லாவற்றின் மேலும் ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டு டீ குடிக்கப் போனார். அதன்பிறகு அதைத் தொடவில்லை. திரையில் படித்தால் அவருக்கு நம்பிக்கை வராது. மின்னஞ்சலில் புதிது புதிதாக வரும் விண்ணப்பங்களைக் கல்லூரியில் உதவியாளர் அச்செடுத்துக் கொடுப்பார், டிரைவர் கொண்டுவருவார், சூப்பிரண்டு அதே மேஜையில் உட்கார்ந்து வாய்விட்டுப் படிப்பார். மேலதிகாரிகளுக்குக் கோப்பு படித்துக் காட்டியே வளர்ந்தவர். வாய்விட்டுச் சொன்னால்தான் அவருக்கு யோசனையே ஓடும்.

நான்காவது விதி கசிந்ததும் அவர் முதலில் சந்தேகப்பட்டது உதவியாளரை. அதற்குக் காரணமும் இருந்தது. ஒரு விண்ணப்பத்தின் அடியில், தங்கள் முழங்கால் வலி விரைவில் குணமாக வேண்டுகிறேன் என்று எழுதியிருந்தது. முழங்கால் வலி உதவியாளருக்குத் தெரியும். போன் போட்டு ஒரு பிடி பிடித்தார். சத்தியமாக எனக்கு ஒன்றும் தெரியாது சார் என்று அவர் தழுதழுத்ததைக் காதில் வாங்காமல் நூலகத்துக்கு மாற்றினார்.

ஐந்தாவது விதியை டைப்பிஸ்ட் அம்மாவுக்கு மட்டும் போனில் சொன்னார். கறுப்பு மையில்தான் எழுத வேண்டும், நீலம் செல்லாது. அந்தம்மாள் அதைத் தட்டி முடிப்பதற்குள் இருநூற்றுப் பதினொன்றும் கறுப்பில் வந்து நின்றன. டைப்பிஸ்ட் அம்மாள் விடுதிக் கணக்குக்குப் போனாள். இப்போது அச்செடுப்பதற்கு டிரைவரைத் தவிர ஆளில்லை. டிரைவர் பக்கங்களைத் தலைகீழாக அடுக்கினார்.

விண்ணப்பத்தில் கதை அளக்கிறார்கள், படித்துப் படித்து நாக்கு தள்ளுகிறது என்று ஒரு மத்தியானம் மனைவியிடம் அலுத்துக்கொண்டார். மறுநாள் எல்லாம் ஐந்தே வரியில் வந்தன. அன்று அவர் சாப்பிடவே இல்லை.

அந்த ஐந்து வரி விண்ணப்பங்களில் ஒன்று மட்டும் அவரைக் கொஞ்சம் தொந்தரவு செய்தது. இரண்டாம் வருடப் பெண். அப்பாவுக்கு வேலை போய்விட்டது. வீட்டுக்கு ஒரே போன், அது அம்மாவுடையது. அம்மா வேலைக்குப் போகிற நாளில் வகுப்பு கிடையாது. வீட்டில் சிக்னலும் கிடையாது, மாடிப்படித் திருப்பத்தில் மட்டும் வரும், அங்கே நின்றுதான் படிக்கிறாள். இந்த மாதம் தேர்வுக் கட்டணம் கட்டாவிட்டால் இந்த வருடம் போச்சு. சூப்பிரண்டு அதை இரண்டு முறை வாய்விட்டுப் படித்தார்.

"அந்த மாடிப்படிப் பொண்ணுக்காவது குடுத்துருங்க" என்றாள் மனைவி.

"அவளுக்குக் குடுத்தா மத்தவன் கேப்பான். எல்லாரும் ஏதோ ஒரு மாடிப்படிலதான் நிக்கறாங்க" என்று விண்ணப்பத்தைக் கட்டுக்குள் சொருகினார். அவருக்கு இரக்கம் வராமல் இல்லை. வந்த இரக்கத்தை எந்தக் கோப்பில் வைப்பது என்றுதான் தெரியவில்லை.

ஒன்பதாம் விதி வரை இதே கூத்து நடந்தது. ஒருவரும் உதிரவில்லை. பத்தாவதைக் காகிதத்தில்கூட எழுதாமல் மனதிலேயே வைத்திருந்தார். வைத்திருந்ததாக நினைத்துக்கொண்டு, மேஜைமுன் உட்கார்ந்து மூன்று முறை முணுமுணுத்துப் பார்த்தார். அதுவும் கசிந்தது. அப்போதுதான் அவர் பார்வை மனைவியின் மேல் விழுந்தது. வீட்டில் இருக்கும் காது வேறு யாருடையது?

பொறி வைத்தார். மாலை டீயோடு உள்ளறைக்கு வந்தவளிடம், இது ரொம்ப ரகசியம் என்று பீடிகை போட்டு, நாளையிலிருந்து விண்ணப்பதாரர் ஒற்றைக்காலில் நிற்கும் புகைப்படம் இணைக்க வேண்டும் என்றார். எதற்கு என்று அவள் கேட்டாள். மன உறுதியைச் சோதிக்க என்றார். அவள் அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் இருநூற்றுப் பதினொரு பேரும் ஒற்றைக்காலில் நின்றார்கள். மொட்டை மாடியில், சமையலறையில், கட்டிலின்மேல், சுவரைப் பிடித்துக்கொண்டு, தம்பியைப் பிடித்துக்கொண்டு. இடது காலில் மாவுக்கட்டு இருப்பதால் ஏற்கெனவே மூன்று வாரமாக இப்படித்தான் நிற்கிறேன் என்று ஒருவன் மருத்துவச் சான்றும் இணைத்திருந்தான். மாடிப்படிப் பெண் மாடிப்படியில், கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, விழுந்துவிடுவாள் போல நின்றாள்.

சூப்பிரண்டு விண்ணப்பக் கட்டைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போய் மனைவிமுன் போட்டார். அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். முதலில் சிரித்தாள், அவர் என்ன சொல்ல வருகிறார் என்று புரிந்ததும் சிரிப்பு நின்றது.

"நான் யாருக்குச் சொல்றது? என் போனுக்கு ரீசார்ஜ் பண்ணி ரெண்டு மாசம் ஆச்சு. பண்ணித் தாங்கன்னு கேட்டதுக்கு யாரோட பேசப் போறேன்னு கேட்டீங்க."

இது உண்மைதான். ஆனால் சூப்பிரண்டு தப்பென்று ஒப்புக்கொண்டு பழக்கப்பட்டவர் இல்லை. பக்கத்து வீடு, சுவர், ஜன்னல் என்று ஏதேதோ சொன்னார். ஊரடங்கு மட்டும் இல்லாவிட்டால் இந்நேரம் அக்கா வீட்டில் இருப்பேன் என்று சொல்லிவிட்டு அவள் பேச்சை நிறுத்தினாள். சாப்பாடு வந்தது, டீ வந்தது, பேச்சு வரவில்லை. போகவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் ஒருத்தி வீட்டுக்குள் நடப்பது எவ்வளவு சத்தமாகக் கேட்கும் என்று சூப்பிரண்டு அந்த மூன்று நாளில் தெரிந்துகொண்டார்.

அந்த மூன்று நாளும் உள்ளறைக் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு தனியாக உட்கார்ந்தார். பன்னிரண்டாம் விதியைத் தனக்குத்தானே சொல்லி, தானே எழுதினார். "சான்றிதழ்களின் ஐந்து நகல்... ஐந்தா? இல்ல, ஆறு. ஆறு நகல்." மறுநாள் காலை எல்லா விண்ணப்பத்திலும் ஐந்து நகல்கள் ஒன்றாக இருந்தன. ஆறாவது, 'ஒருவேளை தேவைப்பட்டால்' என்ற குறிப்போடு தனியாக இருந்தது.

சூப்பிரண்டுக்கு வியர்த்தது. அவர் தடுமாறிய இடம்கூட வந்திருக்கிறது. மனைவியோ மூன்று நாளாகப் பேசவே இல்லை, கதவோ தாழ். அப்படியானால் இத்தனை நாளும் உதவியாளரையும் டைப்பிஸ்ட் அம்மாவையும் இவளையும் வதைத்ததெல்லாம் வீண்.

அன்றுதான் மாதக் கடைசி. ஐந்து மணிக்குள் இருபது பெயர் போகாவிட்டால் பணம் திரும்பிவிடும். மணி நாலரை. கதவைத் திறந்து மனைவியை உள்ளே கூப்பிட்டார்.

"தப்பு என்னோடதுதான்" என்றார். முப்பது வருடத் தாம்பத்தியத்தில் முதல்முறை.

அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் கேட்டாள். "இந்தப் பிள்ளைங்க மேல ஏன் உங்களுக்கு இவ்வளவு சந்தேகம்?"

சூப்பிரண்டு ஜன்னலைப் பார்த்தார், மேஜையைப் பார்த்தார், மூடியிருந்த துண்டைப் பார்த்தார். பிறகு சொன்னார். "நானும் இப்படி ஒரு உதவிப் பணத்துலதான் படிச்சேன். அப்பா இல்லன்னு எழுதிக் குடுத்து வாங்கினது."

"யாரோட அப்பா?"

"எங்கப்பாதான்."

"மாமா நம்ம கல்யாணத்துக்கு வந்தாரே."

"கல்யாணத்துக்கு வந்தது பரவால்ல. பணம் வாங்கற அன்னைக்கு, மழை வரும் போல இருக்கு, குடைய மறந்துட்டு வந்துட்டியேன்னு காலேஜுக்கே வந்து நின்னார். யாருப்பா இவருன்னு கிளார்க் கேட்டார். பெரியப்பான்னேன்."

"நம்பினாரா?"

"எப்படி நம்புவார்? எங்க ரெண்டு பேருக்கும் ஒரே மூக்கு. மாத்தி மாத்தி பார்த்தார். ஒண்ணும் சொல்லல. கையெழுத்து போடற இடத்தக் காட்டினார்." சூப்பிரண்டு தன் மூக்கைத் தடவிக்கொண்டார். "அவர் மட்டும் அன்னைக்கு ஒரு விதி போட்டிருந்தார்னா, நான் மூட்டை தூக்கப் போயிருப்பேன்."

மனைவி எழுந்து வந்து அவர் தோளில் கை வைத்தாள். அவருக்குக் கண் கலங்கியது. கலங்கியபடியே கடிகாரத்தையும் பார்த்துக்கொண்டார். நாலு ஐம்பது.

"அப்போ பிரிச்சுக் குடுத்துருங்களேன்."

"மனசு கேக்குது. பென்ஷன் கேக்க மாட்டேங்குதே" என்று மூக்கைச் சிந்திவிட்டு நிமிர்ந்தார் சூப்பிரண்டு. ஒரு மனிதன் ஐந்து நிமிடம் உருகலாம், அதற்குமேல் அலுவலகம் இடம் கொடுக்காது. "இருபதுன்னா இருபதுதான். கண்ண மூடிட்டு எடுக்கப் போறேன். நான் சொன்னது உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். வெளிய போச்சுன்னா பென்ஷன் மொத்தமும் காலி."

மாடிப்படிப் பெண்ணின் விண்ணப்பம் கட்டுக்குள் எங்கோ நடுவில் இருந்தது. சூப்பிரண்டு கண்ணை மூடிக்கொண்டு மேலிருந்து ஒன்றை உருவக் கை நீட்டினார். அப்போது துண்டுக்கு அடியில் ஏதோ கரகரத்தது. யாரோ தொண்டையைச் செருமினார்கள். அதைத் தொடர்ந்து, மாடிப்படியில் நின்று பேசுவது போல லேசாக எதிரொலிக்கும் ஒரு பெண்குரல் மிகவும் மரியாதையாகக் கேட்டது.

"சார், நான் மாடிப்படிப் பொண்ணு பேசறேன், கூட்டம் முடிஞ்சுதுன்னு நீங்க இன்னும் சொல்லாததால நாங்க மூணு வாரமா வெளிய போகாம கேட்டுட்டுத்தான் இருக்கோம், பணத்தை இருநூத்திப் பதினோரு பேருக்கும் பிரிச்சுக் குடுத்துட்டா, குடை கொண்டு வந்தது உங்க பெரியப்பாதான்னு யார் வந்து கேட்டாலும் சொல்லிடறோம்."