சுவரைப் பார்த்து நின்ற குடும்பம்

பழங்காநத்தம், மதுரை.
20-1-1984, வெள்ளிக்கிழமை.

அன்பும் மரியாதையும் மிக்க மாப்பிள்ளை நல்லகாமனுக்கு, மச்சான் காசிமாயன் எழுதிக்கொண்டது. திருச்சியில் தங்கச்சியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க அழகர் துணை. இங்கே நானும் உன் அக்காள் ஜெயக்கொடியும் உன் மருமகன் முத்துக்கருப்பனும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், மனசு வரவில்லை. நீ ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் கிளம்பி வந்து, அந்த டீச்சரை நிறுத்தும்படி உன் அக்காளிடம் சொல்ல வேண்டும். நான் சொல்லிப் பார்த்துவிட்டேன். "டீச்சர் வரலைன்னா நானும் இந்த வீட்ல இல்ல" என்கிறாள்.

எந்த டீச்சர் என்று கேட்பாய். ஏழு வயதாகியும் முத்து பேசாமல், யார் முகத்தையும் பார்க்காமல், தகர மூடியைச் சுற்றிவிட்டுக்கொண்டே இருக்கிறானே, அதற்கு ஆட்டிசம் என்று பெயராம். கே.கே. நகர் பிலோமினாள் டீச்சர் அதில் ஆராய்ச்சி செய்கிறார். பிள்ளைகளை எப்படிப் பழக்குவது, பெற்ற தாய்களின் மனசு எப்படி இருக்கிறது, இரண்டும் அவருக்கு வேண்டுமாம். நாலு மாதத்துக்கு முன்பு முதன்முதலாக வந்த அன்றைக்கே "தூக்கம் வருதாம்மா? அழுகை வருதா? யாரும் ஒத்தாசை பண்றாங்களா?" என்று ஜெயக்கொடியைக் கேட்டார். "அவளுக்கென்ன, நல்லாத்தான் இருக்கா" என்று நான் பதில் சொன்னேன். தூக்கத்தைப் பற்றியும் நானே சொன்னேன். "சார், நீங்க கொஞ்சம் தெருவுல நில்லுங்க" என்று என்னை என் வீட்டிலிருந்தே வெளியே அனுப்பிவிட்டார் மாப்ள! தெருவில் நின்றபோது உள்ளே அவள் அழுதது கேட்டது. "புள்ள இப்புடி ஆனதுக்கு நீங்க காரணமே இல்லம்மா" என்று டீச்சர் சொன்னதும் இன்னும் சத்தமாக அழுதாள். எனக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது, அது வேறு விஷயம்.

டீச்சரின் முறை இதுதான். முத்து நல்லபடியாக ஒன்று செய்தால் உடனே கையில் பொரிகடலை, வாயில் பாராட்டு. வேண்டியதைக் கேட்டுக் கூச்சல் போட்டால் யாரும் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது, எல்லோரும் சுவர்ப்பக்கம் திரும்பிவிட வேண்டும். போன வாரம் மூடிக்காக அவன் கூச்சல் போட, நான் காலண்டரைப் பார்த்து நின்றேன், ஜெயக்கொடி அலமாரியைப் பார்த்து நின்றாள், டீச்சரும் சுவரைப் பார்த்து நின்றார். அந்த நேரத்திலா கீழக்குயில்குடியிலிருந்து மொக்கையன் பெரியப்பா தன் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வரவேண்டும்! தட்டும் கையுமாக வாசலில் நிற்கிற மனிதரை ஒருத்தர்கூட "வாங்க" என்று கேட்கவில்லை. நம் பக்கத்தில் வெட்டுப்பழி உள்ளவன் வந்தாலும் முதலில் "வாங்க" கேட்டுவிட்டுத்தானே மற்றதைப் பேசுவோம்? அவர் செருமினார், இருமினார், "அடேய் காசி! மனுசன் வந்து நிக்கிறேன்ல!" என்று கத்தினார். நான் திரும்பப் போனேன். "திரும்பாதீங்க சார், கத்துனா காரியம் நடக்கும்னு பழகிரும்" என்றார் டீச்சர். அவர் முத்துவைத்தான் சொன்னார். பெரியப்பாவோ தன்னைச் சொன்னதாக எடுத்துக்கொண்டு, பத்திரிகையோடு திரும்பிப் போய்விட்டார்.

மறுநாள் சமாதானம் பேசப் போனேன். பெரியப்பா, பெரியம்மா, மருமகள், கல்யாணப்பெண் எல்லோரும் சொல்லிவைத்தது போல எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து நிற்கிறார்கள். நான் அவர்கள் முதுகுகளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்தேன். "காசிமாயன் வீட்ல சொவத்தக் கும்புடுறாய்ங்க, எல்லாம் அந்தப் பொம்பள வந்த ராசி" என்று ஊரெல்லாம் பேச்சு.

இன்னொன்றும் இருக்கிறது, வெளியில் சொல்லாதே. உன் அக்காள் இந்த முறையை என்னிடமும் ஆரம்பித்துவிட்டாள். "காப்பி எங்கடி?" என்று சத்தம் போட்டால் அலமாரிப் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். நான் பாயைச் சுருட்டி வைத்தால் "ஆகா, எம்புட்டு அழகா சுருட்டிட்டீங்க" என்று உள்ளங்கையில் பொரிகடலை வைக்கிறாள். வெட்கக்கேடு என்னவென்றால், நேற்று நானாகவே குடத்தில் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டுக் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். ஆகவே ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து, சொந்தபந்தமா டீச்சரா என்று உன் அக்காளிடம் கேட்டு, ஒரு முடிவு கட்டு.

குலசாமி உங்கள் எல்லோரையும் காக்கட்டும். தங்கச்சிக்கு என் விசாரிப்பு, பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு முத்தம்.

இப்படிக்கு உன் மச்சான்,
காசிமாயன்.

பின்குறிப்பு: மேலே எழுதியதையெல்லாம் விட்டுவிடு. கடிதத்தை ஒட்டப்போகும் நேரம் பெரியப்பா வந்துவிட்டார். என் கல்யாணத்துக்கு அவர் சீராகக் கொடுத்த அண்டாவைத் திருப்பி வாங்கிக்கொண்டு உறவையே முறித்துவிட்டுப் போக வந்தாராம். வாசலில் முத்து மூடியைச் சுற்றிக்கொண்டு இருந்தான். கதவு திறக்கும்போதெல்லாம் சொல்லச் சொல்லி டீச்சர் மாதக்கணக்காகப் பழக்கிய சொல்லை, தலையை நிமிர்த்தாமல் அவன் சொன்னான் மாப்ள: "வாங்க."

அவன் சொன்ன முதல் சொல். கொடுக்கலாம் என்று பொரிகடலை டப்பாவைத் திறந்தால் காலி, தின்றது நான்தான். பெரியப்பா தன் மடியிலிருந்த வறுத்த கடலையை எடுத்து அவன் கையில் வைத்தார். பிறகு தெருவில் இறங்கி மறுபடி உள்ளே வந்தார். "வாங்க." மறுபடி கடலை. இதை எழுதும்போதும் போய்ப்போய் வந்துகொண்டு இருக்கிறார். அண்டா நடுவீட்டில் கிடக்கிறது. உன் அக்காள் அதே சுவரில் சாய்ந்துகொண்டு அழுகிறாள், சிரிக்கிறாள். டீச்சர் வந்து கேட்டால் அவள் எப்படி இருக்கிறாள் என்று அவளே சொல்லட்டும், நான் தெருவில் நின்றுகொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ கட்டாயம் வா, பொரிகடலை நிறைய வாங்கி வா. நாங்கள் யாரும் உன்னை "வாங்க" கேட்க மாட்டோம், கோபித்துக்கொள்ளாதே. அவன் கேட்கிற வரைக்கும் வாசலிலேயே நில்.