உறைக்குள் விளைந்த குற்றம்

புல் ஆராய்ச்சிப் பண்ணையின் நான்காம் பாத்திக்கு ஒரு காவலர் இருந்தார். இருபத்தாறு வருஷமாக உட்கார ஒரு நாற்காலி கேட்டு, கல்லில் உட்கார்ந்தே காலம் தள்ளியவர். ஓய்வு பெற மூன்றே மாதம் இருக்கும்போது, அவர் காவலில் இருந்த புல் விதை வைத்துவிட்டது.

புல் விதை வைத்தால் என்ன தப்பு என்று கேட்கலாம். இந்தப் புல் வைக்கக் கூடாது. பூ விரியும் முன்பே ஆராய்ச்சிக்காரம்மா கத்தரியால் மகரந்தப் பைகளை வெட்டிவிட்டு, ஒவ்வொரு கதிருக்கும் காகித உறை மாட்டியிருந்தார். காற்றோ வண்டோ வேறு மகரந்தத்தைக் கொண்டுவராமல் பார்த்துக்கொள்வது காவலர் பொறுப்பு. அப்படியும் உறையைப் பிரித்தால் உள்ளே விதை!

துணை இயக்குநர் விசாரணை வைத்தார்.

"உன் காவல்ல மகரந்தம் எப்படிய்யா உள்ள போச்சு?"

"ஒண்ணும் போகலீங்க."

ஆராய்ச்சிக்காரம்மா எழுந்தார். "சார், மகரந்தம் இல்லாமலே விதை வைக்குதான்னு கண்டுபிடிக்கத்தான் உறையே போட்டோம். இந்தப் புல்லு விதை வைக்க அப்பாவே வேண்டாம். உள்ள சில மரபணு இருக்கு. அதுங்க தாயை அப்படியே நகலெடுத்து விதையாக்கிடுது. ஜெயிச்சிட்டோம் சார்!"

"நகலெடுக்க யார் அனுமதி குடுத்தா?"

"அது புல்லோட குணம் சார்."

"என்னம்மா குணம்? ஜெராக்ஸ் மெஷினுக்கே பூட்டுப் போட்டு வெச்சிருக்கேன், புல்லு இஷ்டத்துக்கு நகல் எடுக்குமா?"

காவல் பதிவேடு வந்தது. பக்கம் பக்கமாக ஒரே வரி: 'யாரும் வரவில்லை. எதுவும் நடக்கவில்லை.' புயலில் கொட்டகை பறந்துபோன நாளிலும் அதே வரிதான். துணை இயக்குநர் உருகிப்போனார்.

"என்ன ஒழுங்கு! ஒரு புள்ளி மாறல. ஆனா விதை வந்திருக்கே. யாரையாவது பிடிச்சாகணுமில்ல?"

பத்தாம் நாள் ஆணை வந்தது. 'அலுவலகச் சைக்கிளைத் திருடிய குற்றம் ஐயமற நிரூபணமானதால், மேற்படி காவலர் பணிநீக்கம் செய்யப்படுகிறார்.'

காவலர் தலைமை எழுத்தரிடம் ஓடினார். "அண்ணே, எனக்குச் சைக்கிள் ஓட்டவே தெரியாதுண்ணே!"

"கத்தாதப்பா. முன்னாடி சைக்கிள் திருடின ஒருத்தனுக்குப் போட்ட ஆணை இருந்துச்சு, பேரை மட்டும் மாத்தினேன். புதுசா எழுதினா மேல ஆயிரம் கேள்வி கேப்பாங்க."

"இருபத்தாறு வருஷம் இருந்துட்டு, திருட்டுப் பட்டத்தோடயா வீட்டுக்குப் போறது? பொண்டாட்டி முகத்துல எப்படி முழிப்பேன்?"

"மேல்முறையீடு போடு. இந்தா, அந்தச் சைக்கிள்காரன் போட்ட மனு. அவனுக்கு வேலை திரும்பக் கிடைச்சுது. பாத்து அப்படியே எழுது."

காவலர் கல்லில் உட்கார்ந்து, ஒரு புள்ளி விடாமல் எழுதினார். கடைசி வரி: 'அறியாமல் செய்துவிட்டேன். இனிமேல் சத்தியமாகச் சைக்கிளைத் தொடமாட்டேன்.' கீழே அழகாகக் கையெழுத்தும் போட்டார்.

மனு அன்றே ஏற்கப்பட்டது. ஆராய்ச்சிக்காரம்மா பதறி ஓடிவந்தார்.

"என்னங்க இது, செய்யாததைச் செஞ்சேன்னு எழுதிக் குடுத்துட்டீங்களே!"

"என்னம்மா பண்றது? இந்த ஆபீஸ்ல எவனுக்கும் சொந்தமா மூளை கிடையாது. பாத்து எழுதத்தான் தெரியும்" என்று பல்லைக் கடித்தபடி காவலர் பதிவேட்டைத் திறந்தார். மேல் வரியைப் பார்த்து, அன்றைய வரியை எழுதினார்:

'யாரும் வரவில்லை. எதுவும் நடக்கவில்லை.'