பானெட் திறந்தால் போதும்

சாலையோர வண்டி வைத்தியர் என்று ஓர் இனம் உண்டு. அவரைத் தேடிக்கொண்டு நீங்கள் எங்கும் அலைய வேண்டாம். காரை ஓரமாக நிறுத்தி பானெட்டைத் திறந்து வையுங்கள், போதும். பஞ்சர் போட ஆளில்லாத ஊரில்கூட இரண்டே நிமிஷத்தில் வந்து நிற்பார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்து, 'ச்சு, ச்சு, ச்சு' என்று மூன்று தடவை உச்சுக் கொட்டுவார். மூன்றாவது 'ச்சு'வில் உங்கள் இன்ஜினுக்கு ஈமக்கிரியை முடிந்திருக்கும்.

திருவொற்றியூர் தண்டபாணி இந்த இனத்தில் சீனியர். லாரிகளை எடைபோடும் இடத்தில் அவருக்கு வேலை. சொந்தமாக ஒரு ஸ்கூட்டர் உண்டு. அதற்கு ஆயில் மாற்றுவதற்குக்கூட மெக்கானிக்கிடம்தான் விடுவார். சாம்பாரில் உப்பு குறைவு என்று அவர் சொன்னால் அதையே மனைவி கோவிந்தம்மா காதில் போட்டுக்கொள்வதில்லை. அப்படிப்பட்டவர் வாயைத் திறந்தால் நாலு பேர் நின்று கேட்கும் இடம் இந்த உலகத்தில் வேறு எது? அடுத்தவன் வண்டியில் புகை வருகிற இடம்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, காசிமேட்டில் வாங்கிய வஞ்சிரத்தை ஸ்கூட்டரில் மாட்டிக்கொண்டு எண்ணூர் விரைவுச் சாலையில் வந்துகொண்டிருந்தார். கன்டெய்னர் லாரிகள் கிலோமீட்டர் கணக்கில் வரிசை கட்டி நின்றிருந்தன. சாலையோரத்தில் ஒரு பழைய கார். திறந்த பானெட்டிலிருந்து குபுகுபுவென்று வெள்ளைப் புகை. தண்டபாணியின் பிரேக் தானாகப் பிடித்துக்கொண்டது.

காருக்குப் பக்கத்தில் நின்றவள் ராயபுரம் உமைமா. எட்டு வருஷமாகப் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். பின் சீட்டில் அவள் தம்பி அமான், ஷெர்வானியும் பூச்சரமுமாக வியர்த்துக்கொண்டிருந்தான். பதினோரு மணிக்கு எண்ணூர் மண்டபத்தில் அவனுக்குத்தான் நிக்காஹ். நடத்தி வைக்கும் ஹஜ்ரத்துக்கு அடுத்தாற்போல் மணலி புதுநகரில் இன்னொரு நிக்காஹ் இருந்தது. கால் மணி பிந்தினாலும் கிளம்பிவிடுவார். இப்போது மணி பத்தரை. ஆட்டோ எதுவும் நிற்கவில்லை. போனில் கூப்பிட்ட டாக்சி, 'பதினெட்டு நிமிஷத்தில் வரும்' என்று இருபது நிமிஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

"இன்னாமா, வண்டி சூடாயிடுச்சா?"

"ஆமாண்ணா. எங்கியோ ஒழுகுது. பாத்துகினு கீறேன்."

"ஒழுகுதா? ச்சு, ச்சு, ச்சு. இது ஹெட் கேஸ்கட்மா. பூட்சி. இன்ஜினையே எறக்கணும்."

லாரி வரிசையிலிருந்து ஒரு டிரைவர் குதித்து இறங்கினார். பெயர் அலெக்ஸாண்டர். அதே இனம், வேறு கிளை.

"இன்னா மாமு, கேஸ்கட்டா? ஆயில் எரியுது. மோந்து பாரு!"

"நீ மோந்து பாரு நைனா. நான் பாக்காத இன்ஜினா?"

இரண்டு வைத்தியர்கள் ஒரே நோயாளியிடம் வந்துவிட்டால் நோயாளியை யார் பார்ப்பது? இவர்கள் கேஸ்கட்டா ஆயிலா என்று கட்சி பிரிந்து மோதிக்கொண்டிருக்க, உமைமா கல்யாண இனிப்புப் பெட்டியின் மூடியைக் கிழித்து இன்ஜினுக்கு அடியில் தள்ளினாள். கொஞ்ச நேரம் கழித்து இழுத்துப் பார்த்தாள்.

"இங்க பாரு அமான். வெறும் தண்ணி சொட்டினா அது ஏசி, கவலயே இல்ல. பழுப்பா பிசுபிசுன்னு இருந்தா ஆயில். இது பச்சையா கீது, தித்திப்பா வாசம் வருது. கூலன்ட், இன்ஜின ஆற வெக்கிற தண்ணி. சூடான இன்ஜின் மேல பட்டு ஆவியாவுது, அதான் வெள்ளப் புகை."

"அதத்தான் நான் வந்ததும் சொன்னேன்!" என்றார் தண்டபாணி, கண்ணிமைக்காமல்.

அத்தோடு விட்டாரா? வைத்தியர் கையையும் காட்ட வேண்டாமா? கைக்குட்டையைச் சுருட்டிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திருகப் போனார். "இத்தத் தொறந்து தண்ணி ஊத்தினா எல்லாம் சரியாப்பூடும்."

உமைமா பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள்.

"கைய எடுய்யா! உள்ள கொதிச்சிகினு கீது. தொறந்தா பீச்சியடிச்சி மூஞ்சித் தோலே உரிஞ்சிடும்!"

தண்டபாணி கைக்குட்டையைச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டார். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலாவது பதிலுக்கு ஏதாவது பேசியிருக்கலாம். அலெக்ஸாண்டர் சத்தமில்லாமல் தன் லாரியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

ரேடியேட்டரிலிருந்து இன்ஜினுக்குப் போகும் மேல் குழாயின் கிளிப் தளர்ந்திருந்ததை உமைமா கண்டுபிடித்துச் சொன்னாள். முறுக்கினால் தீர்ந்தது. ஆனால் இன்ஜின் ஆறாமல் அதைத் தொட முடியாது. அதற்கு முக்கால் மணி நேரமாவது ஆகும்.

அமான் இறங்கி வந்தான். அவன் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. அக்கா விடமாட்டாள் என்று தெரிந்து, நேராகத் தண்டபாணியிடம் போனான்.

"அண்ணா, நீங்க அனுபவஸ்தர். இப்பிடியே மெதுவா ஓட்டிகினு போலாமா? நீங்க போலாம்னா போறோம்."

இந்த இனத்தைப் பார்த்து யாரும் கேட்கக் கூடாத கேள்வி இது. இருபது வருஷமாக எத்தனையோ வண்டிகளுக்கு அவர் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டு யாராவது ஒரு நட்டைத் திருகியதுண்டா? இல்லை. அந்தத் தைரியத்தில்தான் சொல்லிக்கொண்டேயிருந்தார். இன்றைக்குப் பூச்சரம் கட்டிய ஒரு பையன் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். போகலாம் என்று சொல்லி நடு வழியில் இன்ஜின் இறுகி நின்றுவிட்டால்?

தண்டபாணி இன்ஜினை ஒரு தடவை பார்த்தார், பையனை ஒரு தடவை பார்த்தார்.

"எனக்குத் தெரியாது தம்பி."

சொன்னதும் அவருக்கே ஆச்சரியம். அந்த வார்த்தை தனக்கு வரும் என்று அவர் நினைத்ததேயில்லை. ஒரு பாரம் இறங்கினாற்போலவும் இருந்தது. சட்டென்று ஸ்கூட்டரைத் திருப்பினார். "வண்டியப் பத்தித் தெரியாது. ஆனா லாரிக்கு நடுவுல பூந்து பூந்து போவத் தெரியும். குந்து!"

ஷெர்வானி அணிந்த மாப்பிள்ளை, கால் வைக்க இடம் வேண்டுமே என்று வஞ்சிரப் பையைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கன்டெய்னர்களின் இடுக்கில் நெளிந்து நெளிந்து, பதினொன்றுக்கு மூன்று நிமிஷம் இருக்கையில் மண்டப வாசலில் போய் இறங்கினான். மாப்பிள்ளை வீட்டுச் சீர் என்று நினைத்து யாரோ மீனை வாங்கிச் சமையற்கட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஹஜ்ரத் மூக்கைச் சுளித்தாலும் நிக்காஹைச் சரியான நேரத்துக்கு நடத்திக் கொடுத்தார்.

உமைமா கிளிப்பை முறுக்கி, ஆறிய ரேடியேட்டரில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு வந்து சேர்ந்தபோது பந்தி நடந்துகொண்டிருந்தது. பெண் வீட்டார் நாலு பேருக்கு நடுவில் தண்டபாணி உட்கார்ந்திருந்தார்.

"மேல் குழா கிளிப்பு. பாத்த ஒடனே சொல்லிட்டேன். பாவம், அந்தப் பொண்ணு பயந்துபூட்சி."

உமைமா அவர் பின்னால் வந்து நின்று, பிரியாணிச் சட்டியிலிருந்து பெரிய துண்டாக ஒன்றை எடுத்து அவர் தட்டில் வைத்தாள்.

"நல்லா சாப்புடுங்க, ஹெட் கேஸ்கட் அண்ணா."

அதற்கப்புறம் அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கவேயில்லை.

நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை, எனக்குத் தெரியும். ஆனாலும் உண்மையைச் சொல்லுங்கள். உமைமா கிளிப் என்று சொன்னபோது, 'கிளிப்பாக இருக்காதே, வாட்டர் பம்ப்பாக இருக்குமே' என்று உங்களுக்குள் ஒரு குரல் கேட்டதா, இல்லையா? வெட்கப்பட வேண்டாம். எனக்குத் தெர்மோஸ்டாட் என்று தோன்றியது. இத்தனைக்கும் எனக்குக் கார் ஓட்டவே தெரியாது.