ஐம்பத்து மூன்றாவது ராசா

சரித்திரம் தெரிந்தவனுக்கு வழியும் தெரியும் என்று தயவுசெய்து யாரும் நம்பிவிடாதீர்கள். என் மனைவி ஜெனிட்டா நம்பினாள்.

கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஆரம்பித்து அமிர்தசரஸ் போய்ச் சேரும்வரை அவளுக்கு ஒரே கதைதான் சொன்னேன். குவாலியர் கோட்டையில் அடைத்து வைத்திருந்த சீக்கியரின் ஆறாவது குருவை மொகலாயப் பேரரசர் விடுவிக்கிறார். கூடச் சிறையிருக்கும் ஐம்பத்திரண்டு ராசாக்களையும் விட்டால்தான் போவேன் என்கிறார் குரு. "உம்முடைய அங்கியைப் பிடித்துக்கொண்டு வரக்கூடியவர்கள் மட்டும் வரட்டும்" என்கிறார் பேரரசர். குரு ஐம்பத்திரண்டு குஞ்சம் வைத்து ஓர் அங்கி தைப்பித்து, அத்தனை பேரையும் வெளியே கொண்டுவந்தாராம். அந்த விடுதலையை நினைத்துத்தான் தீபாவளிக் காலத்தில் பொற்கோயிலில் விளக்கேற்றுகிறார்கள். பந்தி சோர் திவஸ் என்று பெயர்.

"கதை கிடக்கட்டும். சனத்துக்குள்ள என்னை விட்டுடாதீங்கோ," என்றாள். சின்ன வயதில் எங்கள் ஊர்த் தேவாலயத் திருநாளில் தொலைந்துபோனவள். இன்றும் கூட்டமென்றால் மூச்சு முட்டும்.

"பயப்பிடாதையும். உம்மட நீலச் சால்வையைப் பிடிச்சுக்கொண்டுதான் வருவன்." (என் பிடிக்கு முன்னால் அந்த ராசாக்கள் கெட்டார்கள்!)

பொழுது சாய்ந்தது. குளத்தைச் சுற்றி விளக்குகள் எரிந்தன. தண்ணீருக்குள் இன்னொரு பொற்கோயில் மெல்ல அசைந்தது. எங்கிருந்தோ பாட்டு வந்துகொண்டிருந்தது. ஈரச் சலவைக்கல்லில் என் கால் பட்டதா என்றே நினைவில்லை. தலையில் கட்டிய லேஞ்சித் துணி நழுவ, சால்வையை விட்டு அதை இறுக்கிக்கொண்டு, மறுபடி நீல நுனியைப் பிடித்தேன். கண் மட்டும் குளத்தை விட்டு வரவில்லை.

குளத்தை ஒரு முழுச்சுற்று வந்தேன், கதையை முதலிலிருந்து சொல்லியபடி. கல்யாணம் கட்டி ஏழு வருசத்தில் அவள் குறுக்கே பேசாமல் கேட்டது அதுவே முதல் தடவை. அப்போதாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

சால்வைக்காரி திரும்பினாள். யாரோ ஒரு பஞ்சாபிப் பெண். பக்கத்தில் நின்ற அவளுடைய தாடிக்காரக் கணவர் ஆங்கிலத்தில் பணிவாகச் சொன்னார்: "நீங்கள் ஏதோ செபம் சொல்கிறீர்கள் என்று நினைத்தோம். அதனால்தான் மெதுவாக நடந்தோம்."

ஓடினேன். ஜெனிட்டா செருப்பு வைக்கும் இடத்தில், சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். கண் சிவந்திருந்தது.

"செருப்பில்லாம எங்க போவீங்க, இஞ்சதான் வருவீங்க எண்டு நிண்டனான்," என்றாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அவளுடைய கையைப் பிடித்தேன்; ஐஸ்போலக் குளிர்ந்திருந்தது.

இப்போது ஒவ்வொரு வருடமும் கொட்டாஞ்சேனைத் திருநாளில் என் சேர்ட் நுனி அவள் கையில் இருக்கும். "அம்பத்திமூண்டாவது ராசா வாறார், வழி விடுங்கோ," என்பான் மச்சான். அந்த ஐம்பத்திரண்டு பேரும் நுனியைப் பிடித்து விடுதலையானார்கள். நான் நுனியை விட்டுவிட்டு அவளுடைய சிறைக்குள்ளே போனவன்.